ஆறு தடவை கழன்ற திருகு

ஒரு மகள் தன் அப்பாமேல் வைத்திருந்த நம்பிக்கையின் விலை நானூற்று எண்பது. கண்ணாடிக் கூடும் துடைக்கும் துணியும் அதிலேயே சேர்த்தி.

அந்த விலையைச் சொன்னது ஒரு சீட்டு. போன வாரம் கடை மேசையின் இழுப்பறையில் மூக்குத் தாங்கிகளைத் தேடியபோது அவள் கையில் அகப்பட்டது. மொத்த வியாபாரியிடம் அப்பா பிரேம் வாங்கிய சீட்டு. மூன்று வரிகள், மூன்று பிரேம்கள். முதல் இரண்டு வரிகளை அவள் கண் தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது வரியில் அடர்பழுப்பு பிரேம், நானூற்று எண்பது. பக்கத்தில் அப்பாவின் கோழிக்கிறுக்கல்: "வலது காதுப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் கூடுதல் நீளம் வேண்டும்."

சீட்டில் இருந்த தேதி மூன்று. அந்தப் பிரேமை இப்போது முகத்தில் மாட்டிக்கொண்டு திரியும் லிஃப்ட் மெக்கானிக் முதன்முதலாகக் கடைக்குள் காலடி வைத்தது அதே மாதம் பதினேழாம் தேதி.

பதினான்கு நாள் கழித்து யாரோ ஒருத்தன் வரப்போகிறான், அவனுடைய வலது காது கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கிறது என்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் வைத்தது. படித்தது கண் பரிசோதனை, செய்வதும் அதுதான். அப்பாவின் கண்ணாடிக் கடையில் பின்பக்க இருட்டறை அவளுடையது. முன்பக்கம் அப்பாவுடையது. பதினொரு வரன்களை அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு, ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் அப்பா கையைத் தூக்கிவிட்டார். இனி உன் இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றார். அவ்வளவு சுலபமாக அப்பா எதையும் விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சந்தேகப்படவில்லை. காரணம், லிஃப்ட் மெக்கானிக் தானாக வந்தார். உடைந்த கண்ணாடியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, யாருடைய சிபாரிசும் இல்லாமல், தெருவோடு போகிறவர் போல உள்ளே நுழைந்தார். அவருக்குப் பிரேம் எடுத்துக் கொடுத்தவளும் அவளே. கீழ்த்தட்டில், நான்கு பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்ததைக் குனிந்து தேடி எடுத்தாள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. தன் கண்ணே கண் என்று அன்று முழுக்கப் பெருமை.

கீழ்த்தட்டு. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தச் சரக்கு விற்க வேண்டுமோ அதை அப்பா கண்ணுக்கு நேராக வைக்க மாட்டார். கீழே, பாதி மறைவாக வைப்பார். எடுத்துக் காட்டினால் வாங்குகிறவர் நொட்டை சொல்வார்; தானே குனிந்து எடுத்தால் பேரம்கூடப் பேசமாட்டார். இந்த வித்தையை அவளுக்குப் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். கற்றுக்கொண்டவளிடமே விற்றும் விட்டார்.

லிஃப்ட்காரர் கேட்டால் சரி சொல்லிவிடுவது என்று பத்து நாளைக்கு முன்பே அவள் தனக்குள் முடிவு செய்திருந்தாள். இப்போது அது தன்னுடைய முடிவுதானா என்பதே சந்தேகம். அவரும் இதில் கூட்டாளியா? அப்படியானால் பன்னிரண்டாவது வரனாக எழுதி அனுப்பிவிட வேண்டியதுதான். எதுவானாலும் இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். இன்றைக்குப் பதினொரு மணிக்கு அவர் வருகிறார். கண்ணாடித் திருகு மறுபடியும் கழன்றுவிட்டதாம்.

காலையில் அப்பா ரொட்டியில் வெண்ணெயை ஓரம்வரை இழுத்துத் தடவிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் டீயை மட்டும் குடித்தாள். கேட்டால் அப்பா உஷாராகிவிடுவார். பேசாமல் இருந்தால் அவரே வந்து விழுவார். விழுந்தார்.

"அந்த லிஃப்ட்காரன் இன்னைக்கும் வர்றானாமே? வாராவாரம் வந்து நிக்கிறான், வேலைவெட்டி கிடையாதா அவனுக்கு? ஆளும் சுமார்தான். நெத்தி வேற இப்பவே ஏற ஆரம்பிச்சிருச்சு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். வேண்டாத சரக்கை அப்பா திட்டுவது கிடையாது. அதன் பக்கம் திரும்புவதே கிடையாது. வாங்குவது என்று முடிவு கட்டிய சரக்குக்குத்தான் மூன்று குறை சொல்வார். வேலை, முகம், நெற்றி. மூன்றும் ஆயிற்று. போதாக்குறைக்குத் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க வேறு ஆரம்பித்தார். பேரம் நடக்கும்போதுதான் அப்பாவின் கண்ணாடியில் அழுக்கு சேரும். எதிராளி கண்ணைப் பார்க்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

"மேல போறது, கீழ வர்றது. இதுல என்னங்க முன்னேற்றம் இருக்கு?" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே.

அம்மா குறை சொன்னால் அது வெறும் குறைதான். அம்மாவுக்குப் பேரம் பேசத் தெரியாது, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவாள் என்பது அந்த வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். லிஃப்ட்காரர் பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அவரைக் கட்டோடு பிடிக்கவில்லை. துருவிக்கு அதில்கூட ஒரு ஆறுதல் இருந்தது. இந்த வீட்டில் ஒருத்தராவது மனதில் இருப்பதைச் சொல்கிறார்கள்.

பதினொரு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வந்தார். நீல நிறச் சீருடை, சட்டைப்பையில் நான்கு திருப்புளிகள், கையில் கண்ணாடி. காதில் மாட்டும் கம்பி ஒன்று முறிந்த சிறகு போலத் தொங்கியது. முன்பக்கம் அப்பா பேரேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, யாரோ ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்பது போல உள்ளே கையைக் காட்டினார். அந்த நடிப்புக்கு அவள் மனதுக்குள் மதிப்பெண் போட்டாள். பத்துக்கு நான்கு.

திருகைத் தொடுவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை என்று சொல்லி அவரை நாற்காலியில் உட்கார வைத்து விளக்கை அணைத்தாள்.

கண் பரிசோதனையில் பொய்யைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மங்கலாகத் தெரிகிறது என்று சும்மா சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்காக. பிளஸ் ஒன்று பவர் வில்லையையும் மைனஸ் ஒன்று வில்லையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டும் அடித்துக்கொண்டு வெறும் கண்ணாடியாகிவிடும். மாற்றியது போல டக்கென்று சத்தம் மட்டும் கேட்கும். பார்வையில் ஒரு மாற்றமும் இருக்காது. பொய்க்காரன் இங்கேதான் மாட்டுவான். பரிசோதிக்கிறவளைச் சந்தோஷப்படுத்த, இப்போது ரொம்பத் தெளிவு என்பான்.

அவள் டக்கென்று வைத்தாள். முன்னதைவிட இது பரவாயில்லையா என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

இன்னொரு ஜோடி வைத்தாள். குரலில் கொஞ்சம் தேன் தடவி, இது கட்டாயம் தெளிவாக இருக்குமே என்றாள்.

"இல்லைங்க. அப்படியேதான் இருக்கு. உங்க பெட்டியில ஏதாவது கோளாறா?"

மூன்றாவது ஜோடிக்கும் அதே பதில். ஒரு மயிரிழை நகரவில்லை. துருவிக்கு எரிச்சலாக வந்தது. பொய் சொல்லாதவனைச் சந்தேகப்படுவது எவ்வளவு வேலை.

போன தடவை இடது கண் மங்கல் என்று சொன்னீர்களே என்று மடக்கினாள். அதுவா, மோட்டார் கிரீஸ் ஒட்டியிருந்தது, துடைத்ததும் சரியாகிவிட்டது என்றார் அவர். வெட்கமே இல்லாமல்.

அவள் விளக்கைப் போட்டாள். சுற்றி வளைத்தது போதும்.

"இந்தக் கடைக்கு உங்களை யார் அனுப்புனது?"

"எங்கம்மா."

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவருடைய அம்மா சலவைக் கடை நடத்துகிறவர் என்பது அவளுக்குத் தெரியும். மற்றதை அவரே சொன்னார். பழைய கண்ணாடியை அம்மாதான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் விட்டுவிட்டாராம். இருபத்தைந்து வருடமாக ஒரு சட்டைப் பொத்தானைக்கூடக் கருக்காத கை, மகனுடைய கண்ணாடியை மட்டும் பார்க்கத் தவறிவிட்டதாம். வீட்டுப் பக்கத்திலேயே மூன்று கண்ணாடிக் கடைகள் இருக்க, இரண்டு பஸ் மாறி இங்கேதான் போக வேண்டும் என்று முகவரி எழுதிக் கொடுத்தாராம்.

"அப்பவே உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"அப்ப வரலை. ரெண்டாவது தடவை வந்தப்ப வந்துச்சு. உங்கப்பா என் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாரு. திருகு முறுக்குறதுக்குச் சம்பளம் எதுக்குங்க? அடுத்து சொந்த வீடா, வாடகை வீடான்னாரு. சரி, இது கண்ணாடி சமாச்சாரம் இல்லைன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சும் வாராவாரம் வந்தீங்க."

"திருகு கழண்டுச்சே."

அவள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். நான்கு திருப்புளிகள். பத்து மாடிக்கு ஆளைத் தூக்கும் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவருக்கு எள்ளளவு திருகை இறுக்கத் தெரியாதா என்று கேட்டாள். அவர் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்தார். கடைசி வரியைப் பார்த்தார். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை நானே கழட்டினேன். ஒத்துக்கிறேன். மிச்ச நாலு தடவை தானாத்தான் கழண்டுச்சு. சொன்னா வருத்தப்படக் கூடாது, உங்க கடைத் திருகு கொஞ்சம் மட்டம்."

இங்கேதான் வியாபாரியின் மகள் சறுக்கினாள். அவளை ஏமாற்றினாலும் தாங்கிக்கொள்வாள். சரக்கைக் குறை சொன்னால் பொறுக்காது.

"எங்க கடைத் திருகு தானாக் கழலாது. நான் சரியா இறுக்கலை. ஒவ்வொரு தடவையும் அரைச் சுத்து பாக்கி விட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. இருட்டறை ரொம்பச் சின்ன அறை. ஓடி ஒளிய இடமில்லை. அவர் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் அவர் செய்த புண்ணியம். விரலை மட்டும் மடக்கினார்.

"நாலு தடவையுமா?"

அவள் யோசித்தாள். இல்லை, மூன்று என்றாள். மூன்றாவது தடவை அவர் வந்து போன அன்று, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழுச் சுற்றும் இறுக்கினாள். இனிமேல் இந்த ஆள் வரவே வேண்டாம் என்று. அன்றைக்கு நீங்கள் போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்களே என்றாள்.

"அது எங்கம்மாங்க. துணி காய்ஞ்சுதான்னு கேட்டேன்."

"துணி காய்ஞ்சதுக்கு யாராவது அப்படிச் சிரிப்பாங்களா?"

ஆனால் அவள் இறுக்கிய அந்தத் திருகும் ஒரே வாரத்தில் கழன்று, அவர் நான்காவது தடவையாக வந்து நின்றார். அவள் விட்டது மூன்று, அவர் கழற்றியது இரண்டு. திரும்பத் திரும்பக் கடைக்கு வந்ததோ, இன்றையதோடு ஆறு தடவை.

"அந்த ஒண்ணு உங்கப்பாவா இருக்குமோ?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

அவள் திருகை இறுக்க ஆரம்பித்தாள். இந்த வேலைக்கென்றே இருந்த சிவப்புப் பிடி திருப்புளி ஒரு மாதமாகக் காணோம். அப்பாதான் எங்கோ வைத்து மறந்துவிட்டார் என்று தினமும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரரின் பையிலிருந்தே ஒன்றை வாங்கி, கடைசி அரைச் சுற்றையும் சேர்த்து முறுக்கினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். ஒன்று கேட்கலாமா என்றார். என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னைக்கு வேண்டாம். ஒரு திருகுக்குப் பதில் தெரியணும். அப்புறம் கேளுங்க."

மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு அவள் அப்பாவின் முன்னால் சீட்டை வைத்தாள். தேதியில் விரலை வைத்தாள். பிறகு அந்தக் கோழிக்கிறுக்கலில் வைத்தாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துணியைத் தேடினார். துணியை அவள் ஏற்கெனவே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

சலவைக் கடைக்காரம்மா மகனுடைய போட்டோவைக் கொடுத்தாராம். போட்டோவை வாங்கினோமா, பையில் போட்டோமா என்று இருந்திருக்கலாம். ஆனால் முப்பது வருடம் முகங்களை அளந்த கண். பையனின் பழைய கண்ணாடி போட்டோவில் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க அப்பாவுக்குப் பல் கூசியது. இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் பிரேமுக்கு எழுதிப் போட்டுவிட்டார். பையனைப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்த முகத்தில் அந்தக் கண்ணாடி இருக்கக் கூடாது.

"அப்ப நான் எடுக்கலை. நீங்க எடுக்க வச்சீங்க. பிரேமையும், ஆளையும்."

அப்பா வாடிக்கையாளர் அட்டைப் பெட்டியை இழுத்தார். இரண்டு அட்டைகளை உருவிச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சீட்டின் முதல் இரண்டு வரிகளைத் தட்டிக் காட்டினார். அவள் கண் தாண்டிப் போன வரிகள்.

"சீட்டுல மூணு பிரேம் இருக்கே, பாத்தியாம்மா? மூணு போட்டோ. மூணு பேருமே வந்தாங்க. முதல்ல வந்தவர் பல் டாக்டர். அவருக்காகக் கீழ்த்தட்டுல நான் வச்சதை நீ தொடக்கூட இல்லை. நீலத்துல ஒண்ணை மாட்டிவிட்டு அனுப்பிட்ட. அடுத்தவர் காலேஜ் வாத்தியார். தங்கமான மனுஷன். அவர்கிட்ட நீ பேசினது மொத்தம் நாலு வார்த்தை. மேல பாருங்க, கீழ பாருங்க."

அவள் அட்டைகளைப் பார்த்தாள். பல் டாக்டர் என்று ஒருவர் வந்தது மங்கலாக ஞாபகம் இருந்தது. வாத்தியாரின் முகம் சுத்தமாக நினைவில் இல்லை.

"அந்த ரெண்டு பேர் கண்ணாடியிலயும் திருகு இன்னைக்கு வரைக்கும் கெட்டியா நிக்குதும்மா. நான் வச்சது மூணு. நீ அரைச் சுத்து விட்டது ஒண்ணுலதான்."

தெருவில் ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. நெஞ்சில் ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. ஆனால் துருவி துருவிதான். அரைச் சுற்று விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். ஒரு திருகு மாதக்கணக்கில் கழன்றுகொண்டே இருந்தால் கடைக்காரனுக்குத் தெரியாமல் போகுமா என்றார். அப்படியானால் மூன்றாவது தடவை நான் முழுசாக இறுக்கியும் கழன்ற அந்த ஒன்று உங்கள் வேலையா என்றாள்.

அப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. போட்டோ வாங்கினேன், பிரேம் வாங்கினேன், சம்பளம் கேட்டேன், அதெல்லாம் சரி. ஆனால் வாடிக்கையாளர் திருகில் கை வைப்பேனா, கடைப் பேர் என்ன ஆகும் என்று பொரிந்தார். அதோடு, அந்த மூன்றாவது தடவை அவன் வந்தபோது நான் ஊரிலேயே இல்லை, சரக்கு எடுக்கப் போயிருந்தேன் என்று பயணச் சீட்டைத் தேடி எடுத்து மேசையில் போட்டார். தேதி சரியாக இருந்தது.

"உங்கம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. அவளுக்கு அந்தப் பையனைக் கண்டாலே ஆகலை. நீ பாட்டுக்கு உளறி வைக்காதே."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். துருவி தலைவலி என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அம்மா நூல் கேட்டாள். வெள்ளை நூல், தையல் பெட்டியில் அடியில் இருக்கும்.

பெட்டிக்குள் கையை விட்டாள். நூல்கண்டு, ஊசி அட்டை, அளவு நாடா. அதற்குக் கீழே விரலில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. சிவப்புப் பிடி.

அப்போதுதான் அந்த நாள் முழுசாகக் கண்முன் வந்தது. அப்பா ஊரில் இல்லை. கடையின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தது அம்மா. துருவி இருட்டறையில் இறுக்கிக் கொடுத்த கண்ணாடியை, கொடு, துடைத்துக் கூட்டில் போட்டுத் தருகிறேன் என்று கை நீட்டி வாங்கியதும் அம்மா.

"நூல் கிடைக்கலையா?" என்றாள் அம்மா, நிமிராமல்.

"கிடைச்சிருச்சும்மா."

நூலைக் கொடுத்தாள். அம்மா ஊசிக்கண்ணில் முதல் தடவையிலேயே கோத்தாள். பேரம் தெரியாத அம்மா. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வரும் அம்மா. அந்தப் பையனைக் கண்டாலே ஆகாத அம்மா. திருகைத் தளர்த்தியது அவன் மறுபடியும் வரட்டும் என்றா? இல்லை, கண்ணாடி நடுத்தெருவில் கழன்று விழுந்து, இந்தக் கடை வாசலையே அவன் மிதிக்காமல் போகட்டும் என்றா? அம்மாவின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. துடைக்க அவளுக்குக் கண்ணாடியும் கிடையாது.

துருவி தன் அறைக்குப் போய், அப்பாவின் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு கிழித்தாள். இடப்பக்கம் வேண்டும் என்றவர்கள். வலப்பக்கம் வேண்டாம் என்றவர்கள்.

திருகு கழன்றது ஆறு. இடப்பக்கம்: நான் மூன்று, அவர் இரண்டு, அப்பா பூஜ்யம். ஆக ஐந்து. வலப்பக்கம் வெறுமை. பாக்கி ஒன்று. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல், கோட்டின் மேலேயே எழுதினாள்: அம்மா, ஒன்று.